டயட் அட்டவணையை மனப்பாடம் செய்பவர்களுக்கு

நர்சிங் முதலாம் ஆண்டில் ஊட்டச்சத்துப் பாடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் 'பாஸ் பண்ணினால் போதும்' கணக்கில்தான் வைத்திருப்பார்கள். அனாட்டமி என்றால் வரும் பயம் இதற்கு வருவதில்லை. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி ஓர் அட்டவணை போடுவார்கள். இடது பக்கம் நோய், வலது பக்கம் உணவு. சர்க்கரைக்கு இது, சிறுநீரகத்துக்கு அது, கல்லீரலுக்கு இன்னொன்று. அதை அப்படியே எழுதினால் மார்க்கும் வந்துவிடும்.

நான் மருத்துவ வார்டில் வேலை பார்க்கிறேன். போஸ்டிங்குக்கு வரும் மாணவ மாணவியருக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான். அந்த அட்டவணை பெரும்பாலும் முதல் கட்டிலிலேயே கைவிட்டுவிடும். அங்கே படுத்திருப்பவருக்குச் சர்க்கரையும் இருக்கும், சிறுநீரகமும் பழுதாகியிருக்கும், வாயில் பல்லும் இருக்காது. இப்போது எந்த வரியைப் பார்ப்பது?

அதனால் நோட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இந்த உடம்பால் இப்போது எந்த வேலையைச் செய்ய முடியவில்லை? மெல்ல முடியவில்லையா, விழுங்க முடியவில்லையா, செரிக்க முடியவில்லையா, உறிஞ்ச முடியவில்லையா, உள்ளே போனதைச் செல்களுக்குள் கொண்டுபோக முடியவில்லையா, கழிவை வெளியேற்ற முடியவில்லையா? இதற்குப் பதில் தெரிந்தால் டயட்டின் பாதி தானாக வந்துவிடும். கேள்வியில் இருக்கும் 'இப்போது' என்பதை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு அந்த உறுப்பின் நிலை மாறினால் டயட்டும் மாறியாக வேண்டும்.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு 9, மது 7. வைட்டமின் ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரையும். பி வகைகளும் சி-யும் நீரில் கரையும். ஆரோக்கியமான பெரியவருக்குப் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 0.8 கிராம். இதுவரை யாருக்கும் சிக்கல் இருப்பதில்லை. இந்த எண்களை வைத்து வார்டில் ஒரு கணக்குப் போடச் சொன்னால்தான் முழிப்பார்கள்.

நான் வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு டிரிப் பாட்டில். "சாப்பிடாவிட்டால் என்ன சிஸ்டர், அதான் குளுக்கோஸ் ஏறுதே" என்று சொல்லாத உறவினரே கிடையாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது? 50 கிராம். நரம்பு வழியாக ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் கிராமுக்கு 3.4 கிலோ கலோரிதான் தரும். ஆக ஒரு லிட்டருக்கு 170. இரண்டு லிட்டர் ஏற்றினாலும் 340. கட்டிலில் இருக்கும் 60 கிலோ மனிதருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 என்று வைத்தால் 1500 முதல் 1800 வரை வேண்டும். புரதம்? சுத்தமாக இல்லை. நார்மல் சலைன் என்றால் கலோரியும் பூஜ்யம். தண்ணீரும் உப்பும் ஏறுகிறது, சாப்பாடு ஏறவில்லை. இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர்கள், டிரிப்பிலேயே நாள் கணக்கில் கிடக்கும் நோயாளியைக் கண்டும் காணாமல் போக மாட்டார்கள்.

அந்த நோயாளியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துபோகும். பிறகு தசையைக் கரைத்துத்தான் உடம்பு குளுக்கோஸ் செய்துகொள்ளும். காய்ச்சல், தொற்று, தீக்காயம் சேர்ந்தால் இந்தக் கரைப்பு இன்னும் வேகம் எடுக்கும். கால் தசை மட்டும் கரைவதில்லை. மூச்சு இழுக்கும் தசையும் இருமும் தசையும் கூடவே போகும். பட்டினி கிடந்தவருக்கு நிமோனியா வருவதும், படுக்கைப் புண் ஆறாமல் இழுப்பதும் இதனால்தான்.

சரி, அப்படியென்றால் பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறு நிறையக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் நல்ல மனசு ஆபத்தாகும். பல நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். அது பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் அவற்றின் அளவு சரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சுத் தசை சோர்ந்துபோகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். பத்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவர் அதிக ஆபத்தில் இருப்பவர். உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 10 கிலோ கலோரிக்கு மேல் போகாமல் ஆரம்பித்து, சில நாட்களில் மெதுவாக ஏற்றச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல். அந்த மூன்று உப்புகளையும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவு தொடங்கும் முன்பே தயாமின் கொடுக்க வேண்டும்.

தயாமின் என்றால் வைட்டமின் பி1. அதன் கதை சுவாரஸ்யமானது. 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்துத் தடுமாறுவதையும், தவிட்டோடு தின்றவை நன்றாக இருப்பதையும் கவனித்தார். தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோயின் முடிச்சு அங்கிருந்துதான் அவிழ ஆரம்பித்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாணவர்கள் இந்தக் கதையை வரலாறு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர், வாரக்கணக்கில் வாந்தி எடுத்த கர்ப்பிணி, எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எல்லாருமே இந்த வரிசையில் நிற்பவர்கள். அவர்களுக்குத் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் வெர்னிக்கே என்ற மூளைக் கோளாறு வரலாம். டாக்டர் எழுத மறந்தால் ஞாபகப்படுத்த வேண்டியவர் பாட்டிலை மாட்டும் நர்ஸ்தான்.

இனி சிகிச்சை உணவுகள். அட்டவணையில் இருபது பெயர் இருந்தாலும் நாம் உண்மையில் மாற்றுவது மூன்று விஷயங்களைத்தான்: உணவின் பதம், அதிலுள்ள சத்தின் அளவு, அது உள்ளே போகும் வழியும் நேரமும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கிளியர் லிக்விட் டயட் விஷயத்தில். வடிகட்டிய சூப், தோல் விதை இல்லாத தெளிந்த பழச்சாறு, பால் சேர்க்காத டீ, ஜெலட்டின். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும். குடலில் மிச்சம் எதுவும் தங்காமல், தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் இதன் நோக்கம். புரதம் ஏறக்குறைய இல்லை. ஓரிரு நாளுக்கு ஏற்பட்ட உணவு இது. ஆனால் கேஸ் ஷீட்டில் ஒரு முறை ஏறிவிட்டால் அதை இறக்க யாருக்கும் நினைவு வராது. குடல் வேலை செய்ய ஆரம்பித்து, காற்றுப் பிரிந்து, பசி என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகும் சூப் தண்ணீரே வந்துகொண்டிருக்கும். டயட் ஆர்டரை மாற்றும் அதிகாரம் மாணவிக்குக் கிடையாது, சரி. ரவுண்ட்ஸில் "இவருக்கு இன்றும் கிளியர் லிக்விட்தானா?" என்று கேட்கும் வாய் இருக்கிறதே! என்னிடம் வருபவர்களை நான் கட்டாயம் கேட்க வைப்பேன்.

இதே சோம்பல்தான் அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடுவதிலும். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் கிடையாது' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த திரவம் தரலாம், எளிய உணவு 6 மணி நேரம் முன்புவரை தரலாம் என்று மயக்கவியல் வழிகாட்டுதல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. அவசர அறுவை, கர்ப்பம், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நோயாளி என்றால் கதை வேறு. மற்றபடி, மதியம் மூன்று மணி கேஸுக்கு வரிசையில் இருக்கும் முதியவர் விடியற்காலையிலிருந்து நாக்கு வறண்டு கிடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது.

பதம் என்றவுடன் 'மென்மையான உணவு' என்று எழுதிவிட்டுப் போவது இன்னொரு பழக்கம். யாருக்கு மென்மை, எவ்வளவு மென்மை? பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்குத் தண்ணீர்தான் பெரிய எதிரி. மெல்லிய திரவம் தொண்டையில் வேகமாக ஓடும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே புகுந்துவிடும். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் போகும். அதனால்தான் திரவத்தைக் கெட்டியாக்குகிறோம். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகப் பொது முறையில் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. திரவங்கள் 0 முதல் 4 வரை, உணவுகள் 3 முதல் 7 வரை. சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. அந்த முறை சொல்லும் நீளமுள்ள 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். பிஸ்டனை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி விட வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல், ஆனாலும் கொஞ்சம் வழிந்தால் நிலை 3. ஒரு சொட்டும் வரவில்லையென்றால் நிலை 4. 'கொஞ்சம் திக்காகக் கலந்தேன்' என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. மாணவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும், சிரிஞ்சு விளையாட்டு மாதிரி இருப்பதால் என்று நினைக்கிறேன்.

கெட்டியாக்கிய தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்காது. ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், நோயாளி ஏன் வேண்டாம் என்கிறார் என்று புரியும். அதனால் அவர்களுக்கு உடம்பில் நீர் வற்றும். இருமல் நின்றுவிட்டது என்று நிம்மதியடைந்து, சிறுநீர் அடர் நிறமாகப் போவதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

அடுத்து சிறுநீரகம். என் கேள்வி எவ்வளவு பயன்படும் என்று இங்கே தெளிவாகத் தெரியும். சிறுநீரகம் மெல்லப் பழுதாகிக்கொண்டிருக்கிறது, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இவருக்குப் புரதச் சிதைவின் கழிவை வெளியேற்ற முடியவில்லை. ஆகவே புரதத்தைக் குறைக்கிறோம். சர்க்கரை நோய் இல்லாதவர் என்றால் கிலோவுக்கு 0.6 கிராம் அளவுக்கும் இறங்குவதுண்டு, டயட்டீஷியன் கண்காணிப்பில். அதே ஆளுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தாயிற்று. இப்போது கழிவை இயந்திரம் எடுத்துவிடுகிறது, கூடவே அமினோ அமிலங்களையும் எடுத்துக்கொண்டு போகிறது. எனவே 1.0 முதல் 1.2 கிராம் வரை ஏற்ற வேண்டும். அதே நோய், அதே மனிதர், டயட் தலைகீழ். அட்டவணையில் 'சிறுநீரக நோய்: புரதம் குறைவு' என்று படித்தவர், டயாலிசிஸ் நோயாளியின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுவார். வயிற்றுவழி டயாலிசிஸ் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அந்தத் திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடம்புக்குள் உறிஞ்சப்படும், அந்தக் கலோரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரவக் கட்டுப்பாடு உள்ளவர்களிடம் 'தண்ணீர் குறைவாகக் குடியுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது. அறை வெப்பத்தில் எது திரவமோ அதெல்லாம் கணக்கில் வரும். சூப், ஐஸ்கிரீம், ஜெலட்டின், மாத்திரை விழுங்கக் குடித்த தண்ணீர், எல்லாமே. ஐஸ் துண்டுகள் என்றால் அளவில் பாதியைத் தண்ணீராக எழுத வேண்டும். தாகம் தணிய வழி கேட்டால் முதலில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உப்பு தின்ன வைத்துவிட்டுத் தாகத்தோடு சண்டை போடச் சொல்வது கொடுமை. பெரியவர்களுக்குப் பொதுவாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது சோடியம் 2 கிராமுக்குள்தான். இன்னொன்று: உப்பு குறையச் சொன்னதும் நல்லெண்ணத்தோடு 'மாற்று உப்பு' வாங்கிவருவார்கள். அவற்றில் பலவும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத்தையே நிறுத்தக்கூடிய பொருள் அது.

கல்லீரலில் அட்டவணை இன்னும் மோசமாக ஏமாற்றும். நினைவு தடுமாறும் கல்லீரல் நோயாளிக்குப் புரதத்தை நிறுத்து என்று ஒரு காலத்தில் எல்லாருமே சொன்னார்கள். அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது, புரதத்தை வெட்டினால் அம்மோனியா குறையும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு. ஆனால் தசையும் அம்மோனியாவைப் பிடித்து மாற்றும் இடம்தான். பட்டினி போட்டுத் தசையைக் கரைத்தால் அந்த உதவியும் போச்சு. இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தரச் சொல்கிறார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய நோயாளிக்குக் கல்லீரலில் கிளைக்கோஜன் இருப்பு மிகக் குறைவு. ஒரு ராத்திரி சாப்பிடாமல் இருந்தால், நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமான நிலைக்கு அவர் உடம்பு போய்விடும். அதனால் படுக்கப்போகும் முன் ஒரு சிற்றுணவு அவசியம். அது டயட்டீஷியன் வீட்டுக்குப் போய்விட்ட நேரம், சமையலறை மூடிய நேரம். கொடுக்க வேண்டியது நைட் ட்யூட்டி நர்ஸ். ராத்திரி ட்யூட்டியில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய டயட்டுகள் தவறாகிப்போவது புதிதில்லை. 1915-ல் பெர்ட்ரம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொரு தடவை பாலும் க்ரீமும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் அதுதான் வேதவாக்கு. பால் அமிலத்தைச் சற்று நேரம் அமர்த்தினாலும் பிறகு கூடுதலாகச் சுரக்க வைக்கிறது என்று தெரிந்தது. 1980-களில் ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவின் பங்கும் தெரிந்தது. இன்று அந்த டயட் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம், 1921-ல் வலிப்பு நோய்க்கு முன்வைக்கப்பட்ட, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் டயட் இன்றும் மருந்துக்கு அடங்காத குழந்தைகளுக்கு உதவுகிறது. அந்தக் குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கும்போது அதிலுள்ள சர்க்கரையைப் பார்த்தீர்களா என்பதுதான் நான் கேட்கும் வைவா கேள்வி.

சர்க்கரை நோய் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள். நர்ஸுக்கு முக்கியமான இடம் இன்சுலின் ஊசிக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள நேரம். சாப்பாட்டுக்கான வேக இன்சுலினைப் போட்டுவிட்டு, நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே வந்து, நினைவும் விழுங்கும் திறனும் இருந்தால், வேகமாக ஏறும் மாவுச்சத்து 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். அவருக்குச் சிறுநீரகமும் பழுது என்றால் ஆரஞ்சுச் சாறு எடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். குளுக்கோஸ் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சாதாரணச் சர்க்கரை வேலைக்கு ஆகாது, அந்த மாத்திரை அதை உடைய விடாது, அவருக்கும் குளுக்கோஸ்தான்.

மருந்தும் உணவும் மோதும் இடங்களில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவரிடம் கீரையே தொடாதீர்கள் என்று சொல்லாதீர்கள். வைட்டமின் கே நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் முழுக்கக் கீரை தின்றவர் உங்கள் பேச்சைக் கேட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம்.

இவ்வளவும் தெரிந்து, தட்டு எப்படித் திரும்பிப் போகிறது என்று பார்க்காவிட்டால் வீண். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியக் குறிப்புகளில் உணவுக்கென்றே இரண்டு அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளி எந்த நேரத்தில், எப்படிச் சாப்பிட முடிகிறது என்பதைக் கவனிப்பதை நர்ஸின் வேலையாகவே வைத்தார். நம் சார்ட்டில் 'சாப்பிட்டார்' என்று ஒரே வார்த்தை. மூடியைத் திறக்க முடியாமல், கை எட்டாத இடத்தில் இருந்து, தட்டு அப்படியே திரும்பியிருக்கும். கால் பங்கு, அரைப் பங்கு, முழுவதும் என்று எழுதுங்கள். எதை விட்டார் என்றும் எழுதுங்கள். ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைவு என்றதும் 'சத்துக் குறைவு' என்று முடிவு கட்டுவதையும் விட்டுவிடுங்கள். உடம்பில் அழற்சி இருந்தாலே அது இறங்கும். எடையும், தட்டும், கை பிடிக்கும் பலமும் அதைவிட உண்மை சொல்லும்.

கேர் பிளானில் 'புரதச்சத்து மிகுந்த உணவு கொடுக்கவும்' என்று எழுதி வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. படுக்கைப் புண் உள்ள 60 கிலோ நோயாளி என்றால் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது நாளைக்கு 75 முதல் 90 கிராம் என்று முதலில் எழுத வேண்டும். ஒரு முட்டை சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பால் சுமார் 8 கிராம். இரண்டு முட்டையும் இரண்டு டம்ளர் பாலும் சேர்ந்தால் 28. மீதி 47 முதல் 62 கிராம் எங்கிருந்து வரும், எந்த வேளையில் வரும், பல் இல்லாதவருக்கு எந்தப் பதத்தில் வரும், கை நடுங்குபவருக்கு யார் ஊட்டுவார், நேற்று அரைத் தட்டு திரும்பியதை எதைக் கொடுத்து ஈடுகட்டுவீர்கள்? இதையெல்லாம் எழுதி எடுத்து வாருங்கள், ரவுண்ட்ஸ் தொடங்கும் முன்.